சிட்டு டாக்டர்

கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிதில் எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் மாடியில் குடியிருந்த பெண்ணைத் தெருவில் எல்லோரும் 'சிட்டு டாக்டரு' என்றார்கள். ஆள் குள்ளம், ஒல்லி, விறுவிறுவென்று நடப்பார். அதனால் சிட்டுக்குருவியை நினைத்துச் செல்லமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஒரு நாள் அதை என் கணவரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கன்னடத்துல சிட்டுன்னா கோபம். கோபக்கார டாக்டர்னு சொல்றாங்க."

டாக்டருக்கு அரசாங்க மாட்டாஸ்பத்திரியில் வேலை. அந்தப் படிப்புக்குப் பெண்கள் போவதே அபூர்வமாக இருந்த காலம். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "டாக்டர் இல்லையா?" என்று அவரிடமே கேட்பார்களாம். "அப்ப இங்க உக்காந்திருக்கறது என்ன, எருமையா?" என்பாராம் இவர். சொந்த ஊர் ஹனூர். அங்கே பேசுகிற தமிழ் கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ் மாதிரி இருக்கும். ஒருவரை 'ங்க' போட்டு மரியாதை குறையாமல் கிழிக்க முடியும் என்பதை நான் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். "ஏனுங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு எப்பவாச்சும் இருந்துச்சுங்களா?" என்று தண்ணீர் வரி ஆளை ஒரு முறை கேட்டார். அந்த ஆள் பதில் சொல்லவே முயன்றார்.

சண்டை நீளும் என்று தெரிந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். அதைப் பார்த்ததும் தெருக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். சிலர் வேண்டுமென்றே திறந்து வைப்பார்கள்.

எங்கள் தெருவுக்கு ஒரு பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே கறந்து ஊற்றுவார். கன்று செத்துவிட்டிருந்தது. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் காலாக வைத்து, மாட்டின் முகத்துக்கு முன்னால் நிறுத்துவார். மாடு அதை நக்கும். பால் சுரக்கும். ஒரு காலையில் டாக்டர் மாடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் இதைப் பார்த்துவிட்டார். வாய் நுரையோடு இறங்கி வந்து, அந்த வைக்கோல் கன்றைத் தூக்கிக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் எறிந்தார்.

"கன்னு தானா செத்துச்சா? நீ பட்டினி போட்டுச் சாகடிச்சியா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து எங்கள் தெருவுக்கு அவர் வரவில்லை. பாக்கெட் பாலுக்குக் காலையில் நடக்க வேண்டியிருந்தவர்கள் எல்லோரும் சிட்டு டாக்டரைத்தான் திட்டினார்கள். கன்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து அதே பால்காரர் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். அவருடைய இன்னொரு மாட்டுக்குக் கன்று குறுக்கே திரும்பி வெளியே வரவில்லை. மாடி ஏற அவருக்குத் தைரியம் இல்லை. டாக்டர் மேலிருந்தே அவர் முகத்தைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு இறங்கி, அவர் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தெருமுனை திரும்பும் வரைக்கும் அவரைத் திட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தோள் வரைக்கும் ரத்தம். கன்று பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவ்வப்போது சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கொட்டகையில் போய் நிற்பார். அவர் தலை தெரிந்தாலே பால்காரர் ஓடிப்போய்க் கன்றை அவிழ்த்துத் தாயிடம் விடுவார்.

டாக்டருக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. ஹனூரில் டாக்டரின் அம்மாவிடம் வளர்ந்தது. கணவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். மாடி அறை ஒற்றை அறை. எந்த நேரத்தில் எந்தக் கிராமத்திலிருந்து ஆள் வந்து கூப்பிடுவார்கள் என்று தெரியாத வேலை. அம்மா தோட்டத்தையும் மாடுகளையும் விட்டு வரமாட்டார். டாக்டர் ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் கொள்ளேகால் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிப்பார். திங்கட்கிழமை காலையில் அதே சேலையில் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. பாலாறு சோதனைச்சாவடிப் பக்கம் சந்தனக் கடத்தல்காரர்களைத் தேடிக் கெடுபிடி அதிகமாகி, பஸ்களை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கிச் சோதித்த நாட்களிலும் போனார். "என்ற புள்ளயப் பாக்கப் போறேன், மூட்டையப் பிரிச்சுப் பாத்துட்டுச் சீக்கிரம் விடுங்க" என்று போலீஸ்காரரோடு மல்லுக்கு நின்றதாகக் கேள்வி.

இதெல்லாம் தெருவுக்குத் தெரியும். ஆனாலும் தெரு பேசியது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறாள். தாலி போயும் கோபம் போகவில்லை. எங்கள் வீட்டு ஓனரம்மாதான் இதில் முன்னணி. அந்த அம்மாள் திட்டமாட்டார். இரக்கப்படுவார். மூன்று தலைமுறைக்கு முன்பே மைசூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி கன்னடம்; 'பாவம்' என்பது 'பாப' என்றுதான் வரும். "பாப, அந்தக் கொழந்தை. அம்மா இருந்தும் இல்லாத மாதிரி" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அழுகிறவர்களை யார் என்ன சொல்ல முடியும்? எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது. அந்த இரக்கம் போகிற வழியைப் பார்த்த பிறகு அது எரிச்சலாக மட்டும் இருக்கவில்லை.

எங்கள் வீடு ஊரின் விளிம்பில், புதிதாகப் பிரித்த லேஅவுட்டில் இருந்தது. எதிரே உன்னிச்செடிப் புதர்க்காடு. அப்பால் சாமுண்டி மலை. யுகாதி கழிந்த பின் எதிர்ப்புறம் சைட் போடுவதற்காகப் புதரை வெட்ட ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டுகிற ஆட்கள் மூன்று முயல் குட்டிகளைக் கண்டெடுத்து ஓனரம்மாவிடம் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. மண் நிறம். கண்கள் திறந்திருந்தன. ஓனரம்மா முறத்தில் பஞ்சு பரப்பிப் படுக்க வைத்து, இங்க் ஃபில்லரால் பசும்பால் புகட்டினார். தெருவே வந்து பார்த்தது. "தாய் விட்டுட்டு ஓடிட்டா, பாப" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

டாக்டர் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி முடிந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. மூன்றாவது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைக் கழற்றக்கூட அவர் நிற்கவில்லை.

"யாரு உங்கள எடுக்கச் சொன்னது?"

"அம்மா இல்லாத குஞ்சுங்க, டாக்டரே. அந்த ஆளுங்க கத்தியில செத்திருக்கும். சும்னே கோபப்படாதீங்க."

"அம்மா இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னது? நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துல காணோமே."

"பக்கத்துல இருக்காதுங்க. காட்டு முயலு குட்டிய வெச்சுட்டுத் தூரமாப் போயிரும். அது பக்கத்துலயே உக்காந்திருந்தா அதோட வாசனைக்கு நரி வரும், நாய் வரும். குட்டிக்கு வாசனையே இருக்காது. இருட்டுக் கட்டற நேரத்துக்கு ஒருக்கா வந்து பால் குடுத்துட்டுப் போயிரும். காப்பாத்தறதுக்குத்தான் தள்ளி இருக்குது. விட்டுட்டு ஓடறதுக்கு இல்ல. நேத்துச் சாயங்காலமும் வந்திருக்கும். வந்து தேடியிருக்கும். நீங்க இங்க முறத்துல வெச்சு, மூக்குல பாலை ஊத்திக் கொன்னுட்டீங்க."

"நான் நல்லதுக்குத்தானே..." என்று ஓனரம்மா அழ ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் அவரைத் தேற்றினார்கள். செத்துக் கிடந்த இரண்டையும் டாக்டர் காகிதத்தில் சுருட்டி எடுத்துக்கொண்டார். உயிரோடு இருந்ததைத் தன் பழைய துண்டில் பொதிந்தார். போகும்போது என்னைப் பார்த்து, "ஏனம்மிணி, வர்றதுன்னா வாங்க" என்றார்.

ஆட்கள் எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று விசாரித்து, வெட்டாமல் மிச்சமிருந்த புதரின் அடியில் குட்டியைத் துண்டோடு வைத்து, துண்டை மட்டும் மெதுவாக உருவிக்கொண்டார். நாங்கள் தூரத்தில் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மலை மேல் விளக்கு போட்டுவிட்டார்கள். வராது என்றுதான் நினைத்தேன். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

வந்தது. ஒரேயடியாக வரவில்லை. ஓடி, நின்று, பின்னங்கால்களில் எழுந்து காதைத் திருப்பி, மறுபடி ஓடி வந்தது. புதரருகே நின்றதும் குட்டி தானே தள்ளாடி வெளியே வந்து அடிவயிற்றுக்குள் புகுந்துகொண்டது. ஒரு தம்ளர் காபி குடிக்கிற நேரம்கூட இருக்காது. தாய் உதறிக்கொண்டு போய்விட்டது.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான். அது போதும்."

"எப்ப தனியாப் போகும்?"

"மூணு வாரம், மிஞ்சினா ஒரு மாசம். புல்லு கடிக்கப் பழகிட்டா அது வழிய அது பாத்துக்கும். அப்பறம் அம்மாவும் கெடையாது, புள்ளையும் கெடையாது."

"அவ்வளவு சீக்கிரமா?"

"அதுகளுக்குக் கெடைக்கற காலமே அத்தனைதான். அதுலயும் ஒரு நாளை இந்தம்மா பிடுங்கிட்டா." அவர் குரல் உடைந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். காகிதப் பொட்டலத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் காலை புதர் வெட்டும் மேஸ்திரியோடு சண்டை. கடிகாரம் பைக்குள் போனது. மேஸ்திரி சைட் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி வந்தார். அவரையும் ஒரு வாங்கு வாங்கினார். கடைசியில் அந்த ஒரு புதரை மட்டும் விட்டுவிட ஒப்புக்கொண்டார்கள். சுற்றிலும் செம்மண் மட்டம் தட்டிக் கல் நட்ட பிறகும் நடுவில் ஒற்றைப் புதர் நின்றது. போகிற வருகிறவர்கள் அதைக் காட்டிச் சிரித்தார்கள். தினமும் அந்தியில் டாக்டர் மாடியில் நின்று பார்ப்பார். குட்டி வெளியே வந்து புல் கொறிப்பதை எனக்கும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு நாள் அவரே இறங்கிப் போய் மேஸ்திரியிடம், "போயிருச்சு. இனி வெட்டிக்குங்க" என்றார். அந்த ஆள் கும்பிட்டுவிட்டு வெட்டினார்.

அந்தச் சண்டைக்குப் பிறகு ஓனரம்மா டாக்டரோடு பேசவில்லை. ஆனால் டாக்டரைப் பற்றிப் பேசினார். கொள்ளேகாலில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், அந்த ஊரிலேயே இருந்த டாக்டரின் மாமியாரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறார். பேத்தியைப் பற்றி, பாவம் அது தாயில்லாப் பிள்ளையாக எங்கேயோ வளர்வதைப் பற்றி, அந்தத் தாய்க்கு முயல் மேல் இருக்கிற பாசம் மகள் மேல் இல்லாததைப் பற்றி. அந்த மாமியாரும் மகனைப் பறிகொடுத்தவர்தான். அடுத்த வாரம் டாக்டரின் மாமியாரும் கணவரின் அண்ணனும் ஹனூருக்குப் போய், கோயில் திருவிழா காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறோம் என்று டாக்டரின் அம்மாவிடம் சொல்லிக் குழந்தையைக் கூட்டிப்போனார்கள். கொண்டுவந்து விடவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போன டாக்டர் வீட்டில் குழந்தை இல்லாததைக் கண்டு, அடுத்த பஸ்ஸிலேயே கொள்ளேகாலுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறக்கவில்லை. ஞாயிறு மாலை மைசூருக்கு வந்து சேர்ந்தார். நடந்ததையெல்லாம் மாமியார் வீட்டு அக்கம்பக்கத்தார் சொல்லியிருந்தார்கள். நேராக ஓனரம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நீங்க சொன்னீங்களா?"

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். குழந்தைக்கு ஒரு..."

"அந்த ரெண்டு முயலுக்கும் நல்லதுதான் பண்ணினீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அப்போது எனக்கு மூன்றாம் மாதம். நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"வாந்தி எடுத்தா பஸ்ஸை நிறுத்தமாட்டாங்க."

"பரவாயில்லை."

கொள்ளேகாலில் அந்த வீட்டு வாசலில் எங்களை நிற்க வைத்தே பேசினார்கள். மாமனார் உள்ளே நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தெரு கூடிவிட்டது. டாக்டர் முதலில் தணிந்த குரலில்தான் கேட்டார். கணவரின் அண்ணன், "நாள் முழுக்க மாட்டோட கெடக்கறவகிட்ட எங்க வீட்டுப் புள்ளய விடமுடியாது. கோர்ட்டுக்கு வேணா போ. உன்ற கோவத்த ஜட்ஜும் பாக்கட்டும்" என்றார். அப்போதுதான் கடிகாரத்தைக் கழற்றினார். அதன் பிறகு அவர் போட்ட சத்தத்துக்குத் தெருமுனைக் கடையில் இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். "இப்படிப்பட்டவகிட்டப் புள்ளய எப்படிக் குடுக்கறது?" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. குழந்தையைத் தூக்கிப்போனவர்கள் மெதுவாகப் பேசினார்கள். அதனால் அவர்கள் நல்லவர்கள். பறிகொடுத்தவள் கத்தினாள். அதனால் அவள் தாயாக இருக்க லாயக்கில்லை.

மாமியார் முன்னால் வந்தார். "என்ற பையன வாசல்ல கெடத்தியிருந்தப்ப நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா? ஆம்புலன்ஸ் ஏன் நேரத்துக்கு வரலைன்னு அந்த ஆளுங்களோட சண்டை போட்டுக்கிட்டு நின்னே. இப்பவாச்சும் அழுது கேளு. குடுத்தர்றேன்."

டாக்டர் அழுவார் என்று நானும் எதிர்பார்த்தேன். குழந்தைக்காக அழுதுவிடுங்களேன் என்றுகூட நினைத்தேன்.

"அழுதாக் குடுத்துருவீங்களா அத்தை? அப்ப என்ற புள்ளைக்கு நான் ஆகமாட்டேன்னு நீங்க தூக்கிட்டு வரல. நான் அழுகோணும்னு தூக்கிட்டு வந்திருக்கறீங்க."

அந்த நேரத்தில் வீட்டின் பின்கட்டிலிருந்து ஒரு கதவு படபடவென்று உதைபடும் சத்தம் கேட்டது. "தொறங்க! தொறக்கறீங்களா இல்லையா! என்ற அம்மா வந்துருக்குது!" பச்சைக் குரல். ஆனால் ஏற்ற இறக்கம் அத்தனையும் டாக்டருடையது. கூட்டத்தில் ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"குழந்தைய ரூம்ல போட்டுப் பூட்டித்தான் வளக்கறீங்களா?" என்று நான் கத்தினேன். வாழ்க்கையில் அதற்கு முன் அந்நியர் வீட்டு வாசலில் நான் குரல் உயர்த்தியதில்லை.

அதுவரை பேசாமலிருந்த மாமனார் எழுந்து உள்ளே போனார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. குழந்தை ஓடி வந்தது. வந்த வேகத்தில் அம்மாவின் முழங்காலில் ஓங்கி ஓர் அடி அடித்தது. "சனிக்கெழம வர்றேன்னு சொன்னே. ஏன் வரல?"

"வந்தேன் கண்ணு. கதவு சாத்தியிருந்துச்சு."

"ஒடச்சிருக்கோணும்!"

"தப்புத்தான்" என்றார் டாக்டர். அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டார். அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். மாமனார் அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார். இப்போது மாமியார்தான் அழுதுகொண்டிருந்தார். படி இறங்கிய டாக்டர் திரும்பி நின்றார்.

"மாசத்துக்கு ஒருக்கா நானே கூட்டிட்டு வர்றேன் அத்தை. உங்க பேத்தி, ஆசை தீரக் கொஞ்சுங்க. ஆனாக் கேட்டுட்டுத் தூக்கோணும்."

சொன்னபடியே கூட்டிப்போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

குழந்தையோடு மாடி அறைக்கு வந்த வாரமே ஓனரம்மா என் மூலமாகச் சொல்லி அனுப்பப் பார்த்தார். "அது ஒரு ஆளுக்கு விட்ட ரூமு. பாப, அந்தக் குழந்தை அந்த மொட்டை வெயில்ல எப்படி இருக்கும்? வேற நல்ல எடமாப் பாத்துக்கச் சொல்லுங்க." நான் சொல்லமாட்டேன் என்றேன். அவரே போய்ச் சொன்னார். அன்று சண்டையே நடக்கவில்லை. டாக்டர் மைசூருக்குள்ளேயே அக்ரஹாரம் பகுதியில் ஒரு சந்தில் இரண்டறை வீடு பிடித்து, ஹனூரிலிருந்து அம்மாவையும் சண்டை போட்டு வரவழைத்துக்கொண்டு போய்விட்டார். ஓனரம்மா இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு வழியனுப்ப வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் என் கணவரும் வேறு வீடு பார்க்க ஆரம்பித்தோம்.

என் அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள். அதனால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று போக எனக்கு இடமில்லை. மைசூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. முகத்தை ஒரு முறை காட்டிவிட்டு எடுத்துப்போனார்கள். தாய் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். குழந்தைகளைத் தனி அறையில் வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். இரவெல்லாம் தள்ளி எங்கேயோ ஓர் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. அது என் குழந்தையா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் ஆயாவைக் கேட்டேன். "டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்புறம்" என்றாள். நர்ஸைக் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். என் கணவர் மாட்டாஸ்பத்திரிக்கு போன் செய்து நல்ல சேதியைச் சொன்னவர், பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லியிருக்கிறார்.

சிறிது நேரத்தில் வராந்தாவில் அந்தக் குரல் கேட்டது. ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், சாணியும் பினாயிலும் மணக்க வந்து நின்றார்.

"குழந்தை எங்க?"

"விசிட்டர்ஸ் இப்ப வரக்கூடாது" என்றாள் நர்ஸ்.

"நான் டாக்டர்."

"எந்த ஆஸ்பத்திரி மேடம்?"

"மாட்டாஸ்பத்திரி."

நர்ஸ் யோசிப்பதற்குள் இவர் அந்த அறைக்குள் போய், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தொட்டில் தொட்டிலாகச் சீட்டைப் படித்துக்கொண்டு போனார். பின்னாலேயே இரண்டு ஆயாக்களும் ஒரு மேனேஜரும் கத்திக்கொண்டு ஓடிவர, துணியில் சுற்றிய குழந்தையை எடுத்து வந்து என் நெஞ்சின் மேல் வைத்தார். அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி எதையோ தேடியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுகறத அப்பறம் வெச்சுக்கங்க" என்று அதட்டிவிட்டு, அவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "மொதல்ல பாலக் குடுங்க அம்மிணி."